ஆர்.பி.ஜி. புத்தகங்களுக்கு ஃப்ரீலான்ஸ் எடிட்டராக வேலை தேடுவது எப்படி

காசில் இருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம் புத்தகங்களுக்கு எடிட்டிங் கூலி வார்த்தைக் கணக்கில்தான் பேசப்படும். சின்னப் பதிப்பாளர்கள் பெரும்பாலும் வார்த்தைக்கு 1 முதல் 3 அமெரிக்க சென்ட் வரை தருவார்கள். 12,000 வார்த்தை உள்ள ஒரு குட்டிப் புத்தகம் 2 சென்ட் வீதம் 240 டாலர். விதிகள் நிறைந்த பக்கங்களை மணிக்கு ஆயிரம் வார்த்தைக்கு மேல் உருப்படியாகப் பார்க்க முடியாது, அதையும் இரண்டு சுற்று பார்க்க வேண்டும், ஆக 24 மணி நேரம், மணிக்கு 10 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் மோசமில்லைதான். ஆனால் மாதாமாதம் வராது, அதனால் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

சரி, இலக்கணம் நன்றாகத் தெரியும், ஆங்கிலம் சரளம், அது போதுமா? போதாது. இலக்கணம் பார்க்க ஆள் நிறைய இருக்கிறார்கள், இப்போது மென்பொருளும் இருக்கிறது. ரூல்புக் என்பது படிப்பதற்கு மட்டுமான புத்தகம் இல்லை. ஆட்டம் நடத்துகிறவர் நாலு பேர் காத்திருக்கும்போது அவசரமாகப் புரட்டித் தேடுகிற புத்தகம் அது. அந்த நேரத்தில் எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்கிற ஆளைத்தான் பதிப்பாளர் தேடுகிறார், நீங்கள் விற்க வேண்டியதும் அதைத்தான்.

உதாரணம் சொல்கிறேன். கையெழுத்துப் பிரதியில் 'டி.சி. 15 பர்செப்ஷன் சேவ்' என்று இருக்கிறது (டி.சி. என்றால் பகடையில் எட்ட வேண்டிய எண், சேவ் என்றால் வரும் ஆபத்தைத் தாங்க உருட்டுவது). வாக்கியத்தில் பிழை இல்லை, ஆனால் ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி-யில் அப்படி ஒரு சேவ் கிடையாது. அது விஸ்டம் (பர்செப்ஷன்) செக், அதாவது ஒன்றைச் செய்ய முடிகிறதா என்று உருட்டிப் பார்ப்பது. அப்புறம் மான்ஸ்டர் கணக்கு. 2014 விதிகளில் ஓகர் என்ற அரக்கனுக்கு ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) 59, பக்கத்திலேயே 7டி10+21, அதாவது ஏழு பத்துமுகப் பகடையும் கூட 21-உம் என்று போட்டிருக்கும். பத்துமுகப் பகடையின் சராசரி 5.5, ஏழு பகடைக்கு 38.5, உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிட்யூஷன் 16 என்பதால் பகடைக்கு 3 வீதம் 21, மொத்தம் 59.5, அதைக் கீழே இறக்கி 59. எழுத்தாளர் இதே அரக்கனைக் கொஞ்சம் மெலிந்தவனாக்கிக் கான்ஸ்டிட்யூஷனை 14 ஆக்கிவிட்டு (அப்போது பகடைக்கு 2 தான்) 59-ஐ அப்படியே விட்டிருந்தால் நீங்கள் பிடித்து 52 ஆக்க வேண்டும். எந்த ஸ்பெல் செக்கரும் இதைக் காட்டித் தராது.

கணக்கைவிட அதிகம் வருவது வரிசைக் குழப்பம். ஆட்டக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுகிற கட்டத்துக்குள்ளேயே ரகசியக் கதவைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பொறியில் கால் வைத்தால் எத்தனை டேமேஜ் என்பது மூன்று பத்தி தள்ளி ஒளிந்திருக்கும். 'பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்கவும்' என்று பிறகு நிரப்புவதற்காக விட்ட இடம் அப்படியே அச்சுக்குப் போய்விடும். இது இந்தத் துறையில் பழைய நகைச்சுவை, இன்னும் நடக்கிறது. லேஅவுட் முடிந்து வரும் பி.டி.எஃப்-பில் முதல் வேலையாக அந்த எக்ஸ்எக்ஸ்-ஐத் தேடிப் பாருங்கள்.

பழகுவதற்குச் செலவே இல்லை. 2023 ஜனவரியில் டி அண்ட் டி-யை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், மற்றவர்கள் அதன் விதிகளை எடுத்துப் புத்தகம் போட விட்டிருந்த பழைய திறந்த உரிமத்தை மாற்றப் போய், பெரிய எதிர்ப்பு கிளம்பி, கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1-ஐ, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டது. இறக்கிக்கொண்டு விதியைக் கற்கவும் எழுதும் முறையைக் கற்கவும் இரண்டு முறை படியுங்கள். மந்திரத்தின் பெயர் சாய்வெழுத்தில், கதைப் பகுதியில் வரும் மான்ஸ்டர் பெயர் தடித்த எழுத்தில் என்பது மாதிரி வழக்கங்கள் கையில் படிய வேண்டும். வழக்கம் மாறிக்கொண்டும் இருக்கும்: 2014 புத்தகத்தில் 'ஹிட் பாயிண்ட்ஸ்' சின்ன எழுத்தில் வரும், 2024 பதிப்பில் முதல் எழுத்துகள் பெரியவை. இன்னொரு பெரிய ஆட்டமான பாத்ஃபைண்டர் 2023-ல் ரீமாஸ்டர் என்று திருத்தி வெளியானபோது 'ஸ்பெல் லெவல்' என்பது 'ஸ்பெல் ரேங்க்' ஆனது, 'ஃப்ளாட்-ஃபுட்டட்' என்பது 'ஆஃப்-கார்ட்' ஆனது. எழுத்தாளர் விரல்கள் பழைய சொல்லையே அடிக்கும், அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று தனி ஸ்டைல் ஷீட் போடுங்கள். விளையாட்டுக்கே உரிய சொற்களைத் தவிர மற்றதற்கு அமெரிக்கப் பதிப்பாளர்களில் பெரும்பாலோர் எழுத்து நடைக் கையேடான சிகாகோ மேனுவலைப் பின்பற்றுவார்கள்.

உரிமம் பற்றியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் போன்ற மான்ஸ்டர்கள் அந்த இலவசத் தொகுப்பில் இல்லை. 2016-ல் தொடங்கிய, விஸார்ட்ஸ் அனுமதியோடு நடக்கும் டி.எம்ஸ் கில்ட் என்ற விற்பனைத் தளத்தில் விற்கிற புத்தகத்தில் அவை வரலாம், தனியாக கிக்ஸ்டார்ட்டரில் (வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் தளம்) போடுகிற புத்தகத்தில் வந்தால் வம்பு. நீங்கள் வக்கீல் இல்லை, ஓரத்தில் ஒரு கமெண்ட் போட்டால் போதும். ஆனால் அந்த ஒரு கமெண்டுக்காகவே அடுத்த புத்தகமும் உங்களிடம் வரும்.

வேலை எங்கே? பைஸோ, கேயாஸியம் மாதிரி பெரிய பதிப்பாளர்களுக்குத் தங்கள் சொந்த எடிட்டர்கள் உண்டு, வெளியாள் எடுத்தாலும் தெரிந்தவர்களையே எடுப்பார்கள், அதனால் முதல் கடிதத்தை அங்கே அனுப்பி வீணாக்க வேண்டாம். ஆரம்பிக்க நல்ல இடம் ஸீன் எனப்படும் குட்டிப் புத்தகங்கள். கிக்ஸ்டார்ட்டர் 2019-ல் இவற்றுக்காகவே ஸீன் க்வெஸ்ட் என்ற நிகழ்வை ஆரம்பித்தது, பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், ஒற்றை ஆளாக எழுதி வரைந்து வெளியிடுகிறவர்கள் அதில் குவிவார்கள். பிப்ரவரியில் போய்க் கதவைத் தட்டினால் பட்ஜெட் முடிந்திருக்கும், நவம்பர் டிசம்பரிலேயே எழுதுங்கள். யாருக்கு எழுதுவது என்றால், இட்ச்.ஐஓ, டிரைவ்த்ரூஆர்.பி.ஜி. என்ற விற்பனைத் தளங்களில் நீங்கள் உண்மையாகவே வாங்கி ஆடின புத்தகங்களின் கிரெடிட்ஸ் பக்கத்தைப் பாருங்கள், எடிட்டர் பெயரே இல்லாதவர்தான் உங்கள் ஆள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடக்கும் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாட்டுக்குப் போனால்தான் வேலை கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். விமான டிக்கெட் காசை இந்த வருமானத்தில் எடுக்கவே முடியாது, டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் உள்ள குழுக்களே போதும்.

கடிதம் எட்டு வரியைத் தாண்டக் கூடாது. அவருடைய எந்த ஆட்டத்தை ஆடினீர்கள், எந்த விதிமுறைகள் உங்களுக்குப் பழக்கம், வார்த்தைக்கு என்ன கேட்கிறீர்கள், எப்போது கை காலி. கூடவே, 500 வார்த்தை இலவசமாக எடிட் செய்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். 500 தான். முழு அத்தியாயத்தைச் 'சோதனை' என்று கேட்பவரிடம் கூலி சொல்லிவிடுங்கள். வெளிவந்த புத்தகத்தின் பிழைப் பட்டியலைக் கேட்காமல் அனுப்புவதும், அதைவிட மோசமாகப் பொதுவில் போடுவதும் வேண்டாம், எழுத்தாளர் மனம் நொந்த பிறகு யாரும் நன்றி சொல்லி வேலை தருவதில்லை.

சென்னையில் இருந்து எழுதுகிறீர்கள் என்றால் சிலர் தயங்குவார்கள். விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம், அமெரிக்க ஸ்பெல்லிங்கில் சுத்தமாகச் செய்த அந்த 500 வார்த்தையே பேசட்டும். இன்னொரு பக்கம், இந்தியச் சாயல் உள்ள கதை என்றால் 'இதையும் பார்த்துச் சொல்லுங்களேன்' என்று பண்பாட்டு ஆலோசனையை எடிட்டிங்கோடு சேர்த்து உங்கள் தலையில் கட்டுவார்கள். அது தனி வேலை, தனிக் கட்டணம்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது வார்த்தை எண்ணிக்கை. உங்களிடம் வந்த பிரதியின் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று எழுதி வாங்குங்கள். இறுதிப் பிரதிக்கு என்றால் நீங்கள் வெட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் உங்கள் பையில் இருந்து போகிறது. அடுத்தது, வேலையை ஒப்படைத்து 30 நாளில் பணம். 'புத்தகம் வெளியானதும்' என்ற வரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், கிக்ஸ்டார்ட்டர் புத்தகங்கள் வருடக்கணக்கில் தள்ளிப்போவது சகஜம். லேஅவுட்டுக்குப் பிறகான புரூஃப் சுற்று இதில் அடங்குமா இல்லையா, கிரெடிட்ஸில் பெயர் எப்படி வரும், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு என்பதும் எழுத்தில் வேண்டும். ராயல்டியில் பங்கு தருகிறேன் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், விற்பனை அவர் கையில், உழைப்பு உங்கள் கையில். அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் என்ற படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம், நீங்கள் அமெரிக்க வரிதாரர் இல்லை என்று சொல்கிற தாள்தான். பணம் அனுப்பும் சேவைகளான பேபாலோ வைஸோ பிடித்துக்கொள்கிற தொகையைக் கணக்கில் சேர்த்துத்தான் கூலி சொல்ல வேண்டும்.

வேலை கைக்கு வந்ததும் எல்லாத் திருத்தமும் எழுத்தாளர் ஏற்கவோ தள்ளவோ முடிகிற சஜெஷன் மோடில், சந்தேகமெல்லாம் கமெண்டில். எழுத்தாளரின் நடை உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் தொடாதீர்கள், விதி தெளிவில்லாத இடத்தை மட்டும் விடாதீர்கள். முடித்து இன்வாய்ஸ் அனுப்புகிற அதே மெயிலில் அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்டுவிடுங்கள், அவர் கையில் ஏற்கனவே பாதி எழுதியது ஒன்று இருக்கும்.