மலைச்சரிவில் நீச்சல் தடாகம்: சுற்றுத் தளம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்ல, பண்டாரவளை, ஹந்தான, திகன, டிக்கோயா என்று மலையகத்தில் விருந்தினர் தங்கும் வீடு கட்டுகிறவர்கள் பலரும் இப்போது சின்னதாக ஒரு நீச்சல் தடாகமும் வைக்கிறார்கள். தடாகத்தின் வடிவம், டைல் நிறம், பம்ப், ஃபில்டர் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசி முடிவெடுக்கிறார்கள். அதைச் சுற்றி வரும் கொங்கிரீட் தளத்தை மட்டும் கடைசி வாரத்து வேலையாக, மிஞ்சிய காசில் முடிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு மழைக்காலம் போனதும் வெடிப்பதும் அமிழ்வதும் அந்தத் தளம்தான்.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை சமதரைக்கு எழுதப்பட்டவை. கனம் எவ்வளவு, கலவை எப்படி என்று சொல்லும். அவை தேவைதான். ஆனால் மலையில் கெட்டுப்போன தளங்களை உடைத்துப் பார்த்தால் கொங்கிரீட் அனேகமாக நன்றாகவே இருக்கும். கீழே மண் இறங்கியிருக்கும், அல்லது தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

காணி

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதி எடுக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படும். பலர் வீட்டு வரைபடத்துக்கு அந்த அறிக்கையை எடுத்துவிட்டு, தடாகத்தைப் பிறகு தாங்களாகவே சேர்த்துக்கொள்கிறார்கள். இது ஆபத்தான குறுக்குவழி. 26 அடி நீளம், 13 அடி அகலம், சராசரி நாலரை அடி ஆழமுள்ள தடாகத்தில் ஏறத்தாழ 43 தொன் தண்ணீர் நிற்கும். தடாகத்துச் சுவர், தளம், மதில், நிரப்பிய மண் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவு பாரத்தை ஒரு சரிவின் தோளில் ஏற்றுகிறோம் என்பதை அந்த அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாம் இதை வெறும் கடதாசி வேலையாக நினைக்கக் கூடாது.

இன்னொன்று, முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்த காணிகளுக்கே உரியது. தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான்கள் வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வரும் மழைத் தண்ணீரை அவை மறித்து, மெல்லிய வாட்டத்தில் பக்கவாட்டாகக் கொண்டுபோய்ப் பெரிய கானில் சேர்க்கும். காணி துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு அந்தக் கான்கள் புதர் மண்டி, பார்த்தால் வெறும் பள்ளம் போலத் தெரியும். மெஷின் வைத்து மண்ணைச் சமப்படுத்துகிறவர் முதல் நாளே அதை மூடிவிடுவார். தண்ணீர் பழைய பாதையை விட்டுவிடாது. மூடிய கானில் நிறைந்து, உங்கள் தளத்துக்குக் கீழேயே வழி தேடும். ஆகவே மெஷின் வருவதற்கு முன்னால் மழை பெய்யும்போது ஒரு தடவை காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். பக்கத்தில் தோட்டத்தில் வேலை செய்த வயதானவர் யாரும் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கான் எங்கே போய் விழுகிறது, எங்கே ஊற்று கிளம்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கானை மூடியே ஆக வேண்டுமென்றால், அதற்கு மாற்றாக இன்னொரு கானை முதலில் வெட்டுங்கள்.

வெட்டிய மண்ணும் கொட்டிய மண்ணும்

சரிவில் சமதரை வேண்டுமானால் மேல்பக்கத்தை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டுவார்கள். இதனால் ஒரே தளத்தின் ஒரு பாதி கைபடாத கெட்டி மண்ணிலும், மறுபாதி நேற்றுக் கொட்டிய மண்ணிலும் உட்காரும். கெட்டி மண் அசையாது, கொட்டிய மண் இறங்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் தளம் வெடிக்கும். தடாகத்தைக் கட்டுவதற்காகச் சுற்றிலும் அகலமாக வெட்டிய குழி இன்னொரு பலவீனமான இடம். சுவர் எழுந்த பிறகு அந்த இடைவெளியில் மண்ணோடு செங்கல் உடைசல், சீமெந்துப் பை, பலகைத் துண்டு எல்லாம் போட்டு மூடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தடாகத்தின் ஓரத்தை ஒட்டியே தளம் அமிழ்கிறது என்றால் காரணம் அனேகமாக இதுதான்.

“ஒரு மழை பெய்தால் மண் தானாக இறுகிடும் சேர்” என்று மேசன் பாஸ் சொல்வார். மழையில் மேல் மண் கொஞ்சம் அமரும், உண்மைதான். ஆனால் நாலைந்து அடி ஆழத்தில் உள்ள வெற்றிடங்கள் அப்படியே இருக்கும். பல வருடம் கழித்து அவை மெல்ல மெல்ல இறங்கும். சரியான முறை ஒன்றே: ஆறு அங்குல அடுக்குகளாக மண்ணைப் போட்டு, அளவான ஈரத்தில், ஒவ்வொரு அடுக்கையும் கம்பெக்டரால் இறுக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் சிறிய மெஷினே இதற்குப் போதும். கறுப்பு மேல்மண்ணையும் வேர்களையும் இதில் சேர்க்கக் கூடாது. அவை உக்கிப்போனதும் அந்த இடம் வெற்றிடமாகும். கடைசியாக நாலு அங்குலத்துக்கு ஏபிசி கல் (பெரிதும் சிறிதும் தூளும் கலந்த உடைகல்) பரப்பி இறுக்கி, அதன் மேல் பொலித்தீன் விரித்துத்தான் கொங்கிரீட்.

கீழ்ப்பக்கத்தில் மூன்று நான்கு அடிக்கு மேல் மண் நிரப்ப வேண்டி வந்தால், நிரப்பாதீர்கள் என்பதே என் கருத்து. கெட்டி மண் வரைக்கும் இறங்கித் தூண் எழுப்பி, பீம் போட்டு, அந்தப் பகுதியைத் தொங்கும் ஸ்லாப்பாகப் போடுவது நல்லது. செலவு கூடும். ஆனால் உயரமான கருங்கல் மதிலும், அதற்குப் பின்னால் நூறு லோட் மண்ணும் சேர்ந்தால் அதுவும் மலிவில்லை. சரிவின் மேல் பாரமும் குறையும். மதில்தான் என்று முடிவு செய்தால், ஐந்தடிக்கு மேல் போகும் எதையும் பொறியியலாளர் கணக்குப் பார்க்காமல் கட்ட வேண்டாம். மதிலின் பின்பக்கம் சல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேறப் பீவீசீ குழாய்த் துளைகள் வைக்க வேண்டும். துளை வைத்துவிட்டுப் பின்னால் களிமண்ணை அடைத்தால் அந்தத் துளைகளால் ஒரு பயனும் இல்லை.

வாட்டம் எந்தப் பக்கம்?

தளம் தடாகத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாய வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். இதை எல்லோரும் சொல்வார்கள். மலையில் கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: சாய்ந்து போன தண்ணீர் எங்கே போகும்?

மேல்பக்கத்தில் வெளிப்பக்கம் என்றால் மலைப்பக்கம். தளத்து நீரும் மலையிலிருந்து இறங்கும் நீரும் ஒரே கோட்டில் வந்து முட்டும். அங்கே கான் இல்லையென்றால் சேற்றுத் தண்ணீர் தளத்தைத் தாண்டித் தடாகத்துக்குள் இறங்கிவிடும். அதனால் தளத்துக்கும் வெட்டிய சரிவுக்கும் நடுவில் ஒரு கொங்கிரீட் கான் கட்டாயம். மண்வெட்டி போட்டு மண்ணையும் இலையையும் வாரக்கூடிய அகலம் அதற்கு இருக்க வேண்டும். நாலு அங்குலக் குழாயைப் புதைத்து மூடினால் முதல் பெருமழையிலேயே அடைபடும்.

கீழ்ப்பக்கத்தில் நடக்கும் தவறு வேறு. காட்சி அழகாகத் தெரிய வேண்டும் என்று விளிம்பைத் திறந்து விடுகிறார்கள். தளத்தில் விழும் மழை முழுவதும் மதிலின் மேல் வழிந்து அதன் அடியிலேயே விழுகிறது. மதில் நிற்பதே அந்த அடி மண்ணின் பலத்தில்தான். விளிம்பை ஒட்டி ஓர் ஆழமற்ற வாய்க்கால் வைத்து, அதைக் குழாய் வழியாகப் பெரிய கானுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஃபில்டர் கழுவும் தண்ணீரையும் இங்கேயே யோசிக்க வேண்டும். அதில் குளோரினும் அழுக்கும் இருக்கும். உங்கள் காணிக்குக் கீழே லயம் இருக்கலாம், அந்த மக்கள் குடிக்கவும் குளிக்கவும் ஒரே பீலியை நம்பியிருக்கலாம். அந்தப் பீலிக்கு வரும் ஊற்று எங்கே தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் குழாயின் வாயை எங்கும் திறந்து விடாதீர்கள். இது அக்கம்பக்கத்து மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. அவர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

தளம் போடும் முன் தடாகத்தை நிரப்பி ஒரு வாரமாவது கசிவு பார்க்க வேண்டும். தடாகத்துக்குள் இருக்கும் படிக்கட்டில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியாதல். தடாகத்தில் மட்டும் அதிகம் குறைந்தால் எங்கோ கசிகிறது. குழாய்களுக்கும் அழுத்தச் சோதனை செய்யுங்கள். தளம் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. கண்டுபிடிக்காமல் விட்டால் சரிவுக்குள் இரவு பகலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு எப்போதாவது தடாகத்தைக் காலி செய்வதென்றால் மழைக்காலத்தில் செய்ய வேண்டாம். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் வெறும் தொட்டியை அது மேலே தூக்கிவிடும், தளமும் சேர்ந்து உடையும்.

கொங்கிரீட்

நாலு அங்குலக் கனம் நடமாட்டத்துக்குப் போதும். 600 சதுர அடிக்கு 200 கன அடி, அதாவது இரண்டு கியூப் கொங்கிரீட் வரும். ரெடிமிக்ஸ் லொறி ஏற முடியாத பாதைகளில் மிக்சர் வைத்துக் கலந்து தாச்சியில் சுமந்துதான் போட வேண்டியிருக்கும். தூரம் கூடினால் வழியில் கலவை இறுகத் தொடங்கும், உடனே தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. 50 கிலோ சீமெந்துக்கு 25 லீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். ஆட்களைக் கூட்டுங்கள், மிக்சரைக் கிட்டக் கொண்டுவாருங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

மணலை ஒரு போத்தலில் பாதி போட்டு, தண்ணீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் குலுக்கி சில மணி நேரம் வையுங்கள். மேலே தடித்த சேற்றுப் படை நின்றால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

கம்பி வலையைத் தரையில் விரித்து, கொங்கிரீட் போடும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பார்கள். தூக்கிய இடத்தில் அடுத்த நிமிடமே ஆள் மிதிப்பார், வலை மறுபடி அடிக்குப் போகும். கவர் கட்டை (கம்பியைத் தாங்கும் சிறு கொங்கிரீட் கட்டை) வைத்து மேல்பாதியில் நிற்கும்படி முதலிலேயே கட்ட வேண்டும். போட்ட கொங்கிரீட்டின் மேல் தண்ணீர் கசிந்து நிற்கும்போது உலர் சீமெந்து தூவித் தேய்ப்பதும் கெட்ட பழக்கம். அன்றைக்குப் பளபளப்பாக இருக்கும். ஒரு வருடத்தில் அந்தப் படை தனியாகப் பெயர்ந்து வரும்.

இணைப்புகள் பற்றி மேசனோடு முதல் நாளே பேசிவிடுங்கள். தளம் தடாகத்தின் விளிம்பில் நேரடியாக ஒட்டக் கூடாது. அரை அங்குல ரிஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) பட்டி வைத்துப் பிரித்து, மேல் அரை அங்குலத்தைப் பிறகு சுரண்டி எடுத்து நெகிழும் சீலன்ட் நிரப்ப வேண்டும். வீட்டுச் சுவர், தூண், தொங்கும் ஸ்லாப் தொடும் இடங்களிலும் இப்படியே. இந்த இடைவெளி இல்லாததால் விளிம்புக் கல் வரிசையாக உடைந்து கிடக்கும் தடாகங்கள் ஏராளம். தளத்துக்குள்ளே எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு, ஒரு அங்குல ஆழத்தில், கூடியவரை சதுரமாக வர வேண்டும். கொங்கிரீட் எப்படியும் சுருங்கும். வெட்டு இருந்தால் அந்தக் கோட்டில் வெடிக்கும், இல்லையென்றால் அதன் இஷ்டத்துக்கு வெடிக்கும். மறுநாளைக்குள் வெட்டிவிடுங்கள்.

எப்போது போடுவது?

கொழும்பில் இருக்கிற கொந்தராத்துக்காரர் திகதி குறித்தால் ஏமாறுவீர்கள். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாது. அங்கே ஜனவரியிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஹட்டனில் மழை விடாத அந்த மாதங்களில்தான் வறட்சியும் காற்றும், அங்கே மழை அனேகமாக ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியும் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை எங்கும் வரும். காலை ஆறரைக்கே தொடங்கி மதியத்துக்குள் முடியுங்கள், மூடுவதற்குப் பொலித்தீனைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஊவாவின் காற்றில் கொங்கிரீட்டின் மேல் ஈரம் ஒரு மணி நேரத்தில் பறந்து மெல்லிய வெடிப்புகள் வரும். நுவரெலியாவில் பிரச்சினை நேர்மாறானது: குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் பலம் பெறும். மூடுபனி ஈரமாக வைத்திருக்கும் என்று நம்பி விடக் கூடாது. இரண்டு இடத்திலும் ஈரச்சாக்கும் பொலித்தீனும் போட்டுக் குறைந்தது ஏழு நாள், குளிரான இடத்தில் பத்து நாளுக்கு மேல் ஈரம் காக்க வேண்டும்.

மேற்பரப்புக்கு விளக்குமாறு இழுத்த சொரசொரப்பே போதும். பளபளப்பான டைல், மெருகேற்றிய டைட்டேனியம் சீமெந்துத் தரை எல்லாம் நம் ஈரத்தில் பாசி பிடித்துச் சறுக்கும்.

மின்சார வேலை தெரிந்த, தகுதியுள்ளவரைக் கொங்கிரீட் போடும் முன்பே வரவழையுங்கள். தளத்துக் கம்பி வலை, தடாகத்துக் கம்பி, ஏணி, பம்பின் உலோகப் பகுதி எல்லாம் ஒரே பூமி இணைப்பில் சேர வேண்டும். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். கொங்கிரீட் இறுகிய பிறகு வலையைத் தொட முடியாது.

முதல் மழைக்காலம் முழுக்கத் தளத்தையும் சரிவையும் சேர்த்துப் பாருங்கள். இணைப்புக்கு வெளியே வந்த மயிரிழை வெடிப்பு பெரிய விஷயமில்லை. சரிவுக்குக் குறுக்கே மண்ணில் நீளமாக வெடிப்பு விழுந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், தெளிவாக வந்த ஊற்று திடீரெனச் சேறாக வந்தால் அல்லது நின்றுபோனால், அது தளத்தின் குறை இல்லை, மலை அசைகிறது. வீட்டில் உள்ளவர்களை வெளியேற்றுங்கள், கீழே லயத்தில் இருப்பவர்களுக்கு உடனே சொல்லி அனுப்புங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.