கர்ப்பிணிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பப் போறீங்களா? மொதல்ல நம்பரைப் பாருங்க

எங்க ஊர் நர்சம்மாவுக்கு ஹெல்ப் பண்றேன்னு உட்கார்ந்து ரெண்டு வருஷமா கர்ப்பிணிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிட்டிருக்கேன். வாட்ஸ்அப் இருக்கே, இது எதுக்குன்னு கேப்பீங்க. பட்டன் போன்லயும் வரும், நெட் பேக் தீர்ந்தாலும் வரும், அவ்ளோதான்.

மெசேஜ் எழுதுறதை விட நம்பர் வாங்குறதுதான் பெரிய வேலை. நர்சம்மா நோட்டுல இருக்கிறது பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர், அவர் காலையிலயே போனை எடுத்துக்கிட்டு லோடு ஏத்தப் போயிருவாரு, மத்தியானம் மாத்திரை போடுங்கன்னு நாம அனுப்பினா அவர் படிச்சு என்ன ஆகப்போகுது. அதனால யார் போன், எத்தனை மணிக்கு வீட்ல இருக்கும், படிக்க யாரு இருக்காங்கன்னு மூணையும் கேட்டு பேருக்கு நேரா எழுதிடுங்க. அப்புறம் வளைகாப்பு. அது முடிஞ்சதும் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிரும், நம்ம மெசேஜ் இங்கயே வந்துட்டிருக்கும்! வளைகாப்புத் தேதியைக் குறிச்சு வெச்சு அந்த வாரமே அம்மா வீட்டு நம்பரை வாங்கிருங்க.

அடுத்தது தேதி. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சே"ன்னு கேட்டா சிலர் குளிச்ச நாளையே சொல்லுவாங்க, நமக்கு வேண்டியது தீட்டு ஆரம்பிச்ச முதல் நாள். அதோட 9 மாசம் 7 நாள் கூட்டினா பிரசவத் தேதி, அதை வெச்சு வாரத்துக்கு ஒண்ணு போதும். 12 வாரத்துக்குள்ள பதிவு, நாலாம் மாசத்துல இருந்து சத்து மாத்திரை (இரும்புச்சத்து மாத்திரைதான்), மாசாமாசம் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரியில இலவச செக்கப், இப்படி.

இப்ப எழுத்துக் கணக்கு. இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்க்கு 160 எழுத்து, தமிழ்ல 70தான், தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணும், 'கர்ப்பிணி' நமக்கு 5 எழுத்து, போனுக்கு 9. நான் அனுப்புறதுல ஒண்ணு:

"சத்து மாத்திரை போட்டா மலம் கருப்பா போகும். பயம் வேணாம். நிறுத்தாதீங்க."

சரியா 70. இந்தப் பயத்துலதான் நிறைய பேர் மாத்திரையைத் தூக்கி ஓரமா வெச்சிடறாங்க, அதனால "சத்து மாத்திரை அவசியம்"னு மொட்டையா அனுப்பி பிரயோஜனமில்ல. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேணாங்கிறதைத் தனி மெசேஜா விடுங்க.

ஆபத்து அறிகுறிய ஒரே மெசேஜ்ல அடைக்காதீங்க. ரத்தப்போக்கு ஒண்ணு, விடாத தலைவலி கண்ணு மங்கல் ஒண்ணு, குழந்தை அசைவு குறையுறது ஒண்ணு, ஒவ்வொண்ணுலயும் கடைசியில 108.

சில பழைய போன்ல தமிழ் கட்டம் கட்டமாத் தெரியும், அதனால முதல் நாள் "வணக்கம்"னு அனுப்பிட்டு போன் போட்டுக் கேளுங்க. தெரியலைன்னாலோ படிக்கத் தெரியலைன்னாலோ வாரம் ஒரு கால்தான் வழி. ஆபீஸ் பேர்ல மொத்தமா அனுப்பணும்னா டிஎல்டில, அதாவது மொத்தமா எஸ்எம்எஸ் அனுப்புறவங்க பதிவு பண்ற போன் கம்பெனி தளத்துல, பேரையும் மெசேஜையும் முன்னாடியே பதிவு பண்ணணும், பண்ணின பிறகு வார்த்தையை மாத்தினா போகாது.

இன்னொண்ணு, நான் பண்ணின தப்பு. ஒரு பொண்ணுக்கு மூணாம் மாசம் கலைஞ்சிருச்சு, நான் லிஸ்ட்டைப் பார்க்கல, அஞ்சாம் மாசக் கணக்குல "குழந்தை அசையுதா"ன்னு போயிருச்சு. அந்தம்மா திரும்ப ஒண்ணும் அனுப்பல. இப்பல்லாம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் நர்சம்மா நோட்டைப் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு பேரா டிக் பண்ணிட்டுத்தான் அனுப்புற பட்டன்ல கை வைக்கிறேன்.