மடக்குக் கத்தி சேகரிப்பு: கடற்காற்று வீசும் ஊரில் செய்யக் கூடாத தவறுகள்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்த பிறகு, தோல் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த மடக்குக் கத்தியை வெளியே எடுத்துப் பாருங்கள். பித்தளை ஆணித் தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அலகை விறைப்பாகப் பிடித்து நிறுத்தும் முதுகு ஸ்பிரிங்கில் தோல் ஒட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் செம்பழுப்பாகப் புள்ளி போட்டிருக்கும். அலகை விரித்தால் வழக்கமான ‘டக்’ சத்தம் வராது, மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு வரும். வைத்தவர் அக்கறையில் குறை வைக்கவில்லை. எண்ணெய் போட்டார், உறையில் இட்டார், அலமாரியில் பூட்டினார். அந்த உறைதான் வினை.

சந்தையில் ஏமாந்து இழப்பதைவிட, வீட்டுக்குக் கொண்டுவந்த பின் செய்கிற உபசாரத்தால்தான் நம் பக்கம் நல்ல கத்திகள் வீணாகின்றன. புதுச்சேரியிலும் கடலூரிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பும் அதையேதான் செய்கிறது. கைவியர்வையிலும் உப்பு உண்டு. நண்பர்களுக்குக் காட்டிவிட்டு அப்படியே மடக்கி வைத்த கத்தியில், சில வாரம் கழித்து விரல்ரேகை துருவாகவே பதிந்திருக்கும்.

“இது ஸ்டெயின்லெஸ், ஒன்றும் ஆகாது” என்று விடுவதும் தவறு. அந்த எஃகைக் காப்பது மேலே உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசிமுனை அளவில் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். கார்பன் எஃகில் துரு மேலாகப் பரவுவதால் சீக்கிரம் கண்ணில் படும். ஸ்டெயின்லெஸில் ஆழமான குழியாக விழுகிறது. தேய்த்து எடுக்க முடியாதது இரண்டாவதுதான்.

தோல் உறை கத்தியை இடுப்பில் கொண்டுபோவதற்கு, வீட்டில் வைப்பதற்கு அல்ல. பதனிடும்போது தங்கிய அமிலமும் உப்பும் அதில் இருக்கும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியே வையுங்கள். புது ப்ளைவுட் பெட்டியும் வேண்டாம், அதன் பசையிலிருந்து வரும் ஆவி உலோகத்துக்கு ஆகாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அடியில் மெழுகுத்தாள், ஐந்து லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல். இவ்வளவு போதும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை உள்ளே போட்டு, 50 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். பலர் ஜெல்லைப் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். ஜெல்லின் ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாகிவிட்டால் அது குடிக்க வேண்டிய ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டது என்று பொருள். 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் நிறம் திரும்பும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், துருவை அது தடுக்காது.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு தவறுகள். ஒன்று, சமையல் எண்ணெய். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும், ஆறு மாதத்தில் கீல் இறுகும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு ஒட்டாது, ஆனால் சிக்கு வாடை அடிக்கும், மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும். தையல் மெஷின் எண்ணெய்தான் சரி, அது கனிம எண்ணெய், கெடாது. இரண்டாவது தவறு அளவு. பல்குச்சியின் முனையில் தொட்டு எடுத்த ஒரு துளியைக் கீல் ஆணியின் இரு பக்கமும் வையுங்கள். பத்து முறை விரித்து மடக்குங்கள். வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் தூசியோடு சேர்ந்து சாணைப் பசையாகிக் கீலைத் தேய்க்கும், எலும்புக் கைப்பிடிக்குள் ஊறி மஞ்சள் கறையும் ஆகும். டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே தண்ணீரை விரட்டுவதற்கு நல்லது. ஆனால் அது விட்டுச் செல்லும் படலம் மெல்லியது, மாதக்கணக்கில் காக்காது. பூட்டி வைக்கும் கத்திக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான ரெனைசான்ஸ் வேக்ஸ் போன்ற நுண்படிக மெழுகு சிறந்தது. பட்டாணி அளவு எடுத்தால் ஐந்தாறு கத்திக்கு வரும்.

சுத்தம் செய்கிறேன் என்று இறங்குவதுதான் மிகப் பெரிய சேதம். நம் வீடுகளில் பித்தளை என்றாலே கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குப் புளி சரி. கத்தியில் பித்தளையும் எஃகும் ஒட்டி நிற்கின்றன. புளிக்கரைசல் இரண்டுக்கும் நடுவே உள்ள தலைமயிர் இடைவெளியில் இறங்கிவிடும், எத்தனை தடவை கழுவினாலும் வராது. பித்தளை பளபளக்கும், உள்ளே ஸ்பிரிங் அரித்துக்கொண்டிருக்கும். பித்தளை துலக்கும் பொடி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதே கதைதான். பித்தளையை ஒரு துளி எண்ணெய் தொட்ட துணியால் தேயுங்கள், பாதி மினுமினுப்புப் போதும்.

கார்பன் அலகில் படியும் சாம்பல் நீல நிறத்தைத் துரு என்று நினைத்துச் சுரண்டிவிடுபவர்கள் உண்டு. பழம் நறுக்கி நறுக்கி வந்த அந்தப் படலம் எஃகுக்குக் கவசம். விரலில் ஒட்டாமல் மழமழவென்று இருந்தால் விட்டுவிடுங்கள். சிவந்து, தொட்டால் தூளாக வருவதுதான் துரு. அதை எண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்து, நான்கு சுழி எண் கொண்ட மிக மெல்லிய ஸ்டீல் உல்லால் அலகின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். குழி விழுந்திருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். குழி மறையும்வரை தேய்த்தால் அலகின் அடியில் குத்திய தயாரிப்பாளர் முத்திரையும் மறையும். முத்திரை போன பழைய கத்திக்கு வயதும் இல்லை, ஊரும் இல்லை. பாத்திரப் பாலிஷ் கடையில் பஃப் சக்கரத்தில் கொடுப்பதும் இதே முடிவைத்தான் தரும்.

தெருவில் வரும் சாணைக்காரர் அரிவாள்மனைக்கு ஏற்றவர். மெல்லிய பேனாக்கத்தி அலகை உலர்சக்கரத்தில் வைத்தால் விளிம்பு சில நொடியில் சூடேறும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் ஏறும். நீலம் ஏறிய இடம் பதம் போய்விட்ட இடம், பிறகு கூர் நிற்காது. தீட்டியே ஆக வேண்டுமென்றால் தண்ணீர்விட்ட சாணைக்கல்லில், கையால் தீட்டுங்கள்.

பிளாஸ்டிக் கைப்பிடிகளில் இரண்டு வகைக்குத் தனிக் கவனம் வேண்டும். விக்டோரிநாக்ஸின் சிவப்புக் கைப்பிடி செல்லிடார் என்ற செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். விலைச்சீட்டின் பசையை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டால் அதிலுள்ள அசிட்டோன் கைப்பிடியையே கரைத்துவிடும். எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டாலே பசை வந்துவிடும். அதைவிட ஆபத்தானது பழைய செல்லுலாய்டு கைப்பிடி. ஆமையோடு போலவும் முத்துப் போலவும் மின்னும், பார்க்க அழகுதான். கட்டைவிரலால் சூடு பிறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வரும். நாளாக நாளாக அது சிதைந்து அமில ஆவியை விடும். அந்த ஆவி அதன் அலகை மட்டுமல்ல, அதே டப்பாவிலுள்ள மற்றக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். மேலே சொன்ன இறுக மூடும் டப்பா இதற்கு மட்டும் பொருந்தாது. தனியாக, காற்றோட்டமாக, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும் பொருள் அது.

புதுச்சேரிச் சேகரிப்பாளர் கையில் எப்படியும் ஒரு பிரெஞ்சுக் கத்தி இருக்கும். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா குடும்பத்தின் பெட்டியிலிருந்தோ, பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கையிலிருந்தோ வந்ததாக இருக்கும். பெரும்பாலும் ஓப்பினெல். 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் தொடங்கியது. மரக் கைப்பிடி மழைக்காலத்தில் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். இழுத்துத் திறக்கக் குறடு போடுவதும், உப்புத்தாள் வைத்துப் பள்ளத்தை அகலமாக்குவதும் இங்கே வாடிக்கை. இரண்டும் கூடாது. மாசியில் மரம் காய்ந்ததும் அலகு லொடலொடவென்று ஆடும். கைப்பிடியின் தலையில் அலகைப் பூட்டும் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகின் முதுகு வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய உத்தி இது. பிறகு சிலிக்கா ஜெல் டப்பாவில் இரண்டு வாரம் வைத்து, காய்ந்த மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள்.

அதன் வயதைக் கணிப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பூட்டு வளையம் 1955இல் வந்தது. “வளையம் இல்லை, ஆகவே 1955க்கு முந்தியது” என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். ஓப்பினெலில் எண் என்பது கத்தியின் அளவு; 2 முதல் 5 வரையிலான சின்ன எண்களுக்கு இன்றும் வளையம் கிடையாது. எண் 8இல், அதாவது அலகு எட்டரை சென்டிமீட்டர் உள்ளதில், வளையம் இல்லை என்றால்தான் நின்று பார்க்க வேண்டும். வளையம் இருந்து, மடக்கிய நிலையிலும் பூட்ட முடிகிறது என்றால் அது 2000க்குப் பிந்தியது.

லாகியோல் என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்று நினைப்பது அடுத்த தவறு. அது தெற்குப் பிரான்சில் ஓர் ஊர், அந்த ஊர்க் கத்தியின் வடிவத்துக்கும் அதே பெயர். பெயரும் ஸ்பிரிங் தலையிலுள்ள தேனீ உருவமும் மலிவு இறக்குமதியிலும் இருக்கும். தேனீயைப் பார்க்காமல் ஸ்பிரிங்கைப் பாருங்கள். விரித்த நிலையில் அலகின் முதுகும் ஸ்பிரிங்கும் படி விழாமல் ஒரே கோடாக ஓட வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவே ஒளி கசியக் கூடாது. அசல் லாகியோலைக்கூட ‘சட்’டென்று மூடவிடாதீர்கள். பலவற்றில் அலகின் கூர் உள்ளே ஸ்பிரிங்கில் இடித்து நடுவில் பல் விழும். கட்டைவிரலால் தாங்கி இறக்க வேண்டும்.

மகாத்மா காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு கத்தி கண்ணில் பட்டால், முதலில் மடக்கிய நிலையில் முனையைப் பாருங்கள். கைப்பிடிக்கு மேலே முனை துருத்திக்கொண்டிருந்தால் அலகைத் தீட்டித் தீட்டிக் கரைத்திருக்கிறார்கள். விரித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். காது குடையும் பஞ்சை உள்பள்ளத்தில் ஓட்டி எடுங்கள், வெளியே மின்னும் கத்தியின் யோக்கியதை அந்தப் பஞ்சில் தெரியும். ரிவெட் அடித்த கத்தியைக் கழற்றிச் சரிசெய்யலாம் என்று வாங்காதீர்கள். ஆணியை உடைக்காமல் அதைக் கழற்ற முடியாது.

கைப்பிடி யானைத் தந்தம் என்றோ, கடமான் கொம்பு என்றோ சொன்னால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்த வியாபாரமே குற்றம். எருமைக் கொம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீட்டு உபயோகம், விவசாயம் போன்ற வேலைக்கானதாகவும் இல்லாவிட்டால் அது உரிமம் பற்றிய கேள்விக்குள் வந்துவிடும். உத்தரப் பிரதேச ராம்பூரின் பெயர் பெற்ற பெரிய ராம்பூரி பட்டன் கத்திகளை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் முதலில் அளவுகோலை எடுக்க வேண்டும். அளவு குறைவாக இருந்தாலும் திருவிழா, பொதுக்கூட்டம் என்று பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். விமானத்தில் கைப்பைக்குள் வைத்தால் பாதுகாப்புச் சோதனையோடு அந்தக் கத்தியை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைசியாக, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த கத்தியை வெயிலில் போடுவதும், செல்போனைப் போல அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். வெயிலில் மரமும் எலும்பும் வெடிக்கும், அரிசித் தவிடு கீலில் அடையும். முதலில் கேன் தண்ணீரில் அலசுங்கள், கடலோர போர்வெல் தண்ணீரிலும் உப்பு இருக்கலாம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளத்திலுள்ள சேற்றை எடுங்கள். எல்லா அலகையும் பாதி விரித்து மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். உலோகக் கைப்பிடி என்றால் ஹேர் டிரையரின் மிதமான சூடு இரண்டு நிமிடம் காட்டலாம். அதன் பிறகே தண்ணீர் விரட்டும் ஸ்ப்ரே, துடைத்த பின் மெஷின் எண்ணெய். மூன்றாம் நாள் மறுபடி பஞ்சை உள்ளே விடுங்கள். பழுப்பு ஏறினால் ஈரம் இன்னும் போகவில்லை, மறுபடி ஸ்ப்ரேயிலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை அந்தக் கத்தியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.