விலை இறங்குற நேரத்துல வீட்டு லோன்: என்னை இன்னும் எரிச்சல் படுத்துற அந்த ஒரு தப்பு

வீட்டு விலை இறங்க ஆரம்பிச்சாலே புதுசா வாங்குறவங்க கூட்டம் ஒண்ணு கிளம்பி வரும், லோன் ஃபைல் பாக்குற என்னை மாதிரி ஆளுங்களைத் தேடி. வரட்டும், சில பேருக்கு அது நிஜமாவே வாங்க வேண்டிய நேரம் தான். ஆனா உக்காந்ததும் ஒரு வரி சொல்லுவாங்க பாருங்க, அதைக் கேட்டாலே எனக்கு பிபி ஏறும். "இப்ப வாங்கிடலாம்ணே, வட்டி குறைஞ்சதும் லோனை மாத்திக்கலாம்." இதே வரியை சொல்லிட்டு ஒரு காலத்துல கையெழுத்து போட்டவன் தான் நானும், அதான் இவ்ளோ கோபம்.

டாகுமெண்ட் செக் பண்ணுங்க, கிரெடிட் ஸ்கோர் பாருங்க, நாலு பேங்க்ல விசாரிங்க, இதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும்.

"அப்புறம் ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம்"

இதுல என்ன தப்புன்னு கேப்பீங்க. விலை ஏறுற மார்க்கெட்ல பெருசா ஒண்ணும் தப்பில்ல. இறங்குற மார்க்கெட்ல தான் இது ஆளைக் கொல்லும், ஏன்னா ரீஃபைனான்ஸ்ங்கிறது உங்க உரிமை கிடையாது, அது பழைய லோனை அடைக்க புதுசா எடுக்குற ஒரு லோன். புது லோன்னா புதுசா வீட்டை மதிப்பு போடுவாங்க, புதுசா உங்க வருமானத்தைப் பாப்பாங்க, அன்னிக்கு அந்த பேங்க் என்ன மூட்ல இருக்கோ அதையும் நீங்க தாங்கிக்கணும். மார்க்கெட் இறங்கும்போது இந்த மூணுமே சேர்ந்து தான் இறங்கும்.

கணக்கு போட்டே காட்டுறேன். வீடு 100-னு வச்சுக்கோங்க. 10 கையில இருந்து போட்டு 90 லோன், 30 வருஷம், 7 சதவீத வட்டி. ரெண்டு வருஷம் ஒழுங்கா இஎம்ஐ கட்டியாச்சு. அசல் எவ்ளோ குறைஞ்சிருக்கும்? இன்னும் 88 பாக்கி இருக்கும். ஆமா, ரெண்டு வருஷத்துல ரெண்டு தான் குறைஞ்சிருக்கு, ஆரம்ப வருஷங்கள்ல இஎம்ஐ-ல பெரும்பகுதி வட்டிக்கே போகும். இதுக்குள்ள விலை ஒரு 15 சதவீதம் இறங்கிடுச்சுன்னா வீடு 85. பாக்கி 88, வீடு 85. இப்ப வட்டி குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷமா புது பேங்க்குக்கு போறீங்க, அவங்க வீட்டு மதிப்புல 80 சதவீதம் வரைக்கும் தான் தருவோம்னு சொல்றாங்க, அதாவது 68. மீதி 20 உங்க கையில இருந்து கொண்டு வரணும். முதல்ல போட்ட முன்பணமே 10 தான்! வீடு வாங்கினப்ப போட்டதை விட டபுளா போட்டா தான் வட்டியைக் குறைக்க முடியும். அவ்ளோ காசு கையில இருந்தா நீங்க ஏன் லோனை மாத்த அலையப் போறீங்க?

இது நான் கற்பனையா சொல்ற கதை இல்ல, அமெரிக்காவே இதுல தான் மாட்டுச்சு. 2006-க்கு முன்னாடி அங்க 2/28-னு ஒரு லோன் அமோகமா ஓடுச்சு, முதல் 2 வருஷம் கம்மியான நிலையான வட்டி, மீதி 28 வருஷம் மார்க்கெட்டோட ஏறி இறங்குற வட்டி. விக்கிறவங்க சொன்னது அதே வசனம் தான், ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள ரீஃபைனான்ஸ் பண்ணிடலாம்னு. விலை ஏறிட்டு இருந்த வரைக்கும் அப்படித்தான் நடந்துச்சு. 2006-ல விலை உச்சத்தைத் தொட்டு திரும்புச்சு, கதவு மூடிடுச்சு. 2008 டிசம்பர்ல அமெரிக்காவோட சென்ட்ரல் பேங்க்கான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை பூஜ்யத்துக்கு பக்கத்துல கொண்டு வந்துட்டாங்க, வீட்டு லோன் வட்டியும் நல்லா குறைஞ்சுது, ஆனா யாருக்கு அது அவசரமா வேணுமோ அவங்க வீடு அவங்க பாக்கியை விட கம்மி மதிப்புல இருந்துச்சு, அவங்களால அந்த வட்டியை தொடவே முடியல. கடைசியில அரசாங்கமே 2009-ல ஹார்ப்னு தனியா ஒரு திட்டம் கொண்டு வர வேண்டியதா போச்சு. பேங்க்குகள்கிட்ட இருந்து வீட்டு லோன்களை வாங்குற ஃபேனி மே, ஃப்ரெடி மேக்ங்கிற அரசு சார்ந்த ரெண்டு கம்பெனிகள் கையில இருந்த லோன்களுக்கு மட்டும், மதிப்பை விட பாக்கி அதிகமா இருந்தாலும் மாத்திக்கலாம்னு. முதல்ல பாக்கி வீட்டு மதிப்புல 105 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னாங்க, பத்தல, 125 ஆக்கினாங்க, அதுவும் பத்தல, நிலையான வட்டி லோன்களுக்கு உச்சவரம்பையே எடுத்துட்டாங்க. உங்க பிளான் வேலை செய்ய ஒரு அரசாங்கம் சட்டத்தை வளைக்கணும்னா அது பிளான் இல்ல.

பிரிட்டன்ல இதுக்கு பேரே வச்சுட்டாங்க, அடமானக் கைதிகள்னு. நார்தர்ன் ராக்னு ஒரு பேங்க், வீட்டு மதிப்புல 125 சதவீதம் வரைக்கும் கூட கடன் கொடுத்துச்சு, 2008-ல அதை அரசு கையில எடுத்துச்சு, பிற்பாடு அந்தக் கடன்ல பெரும் பகுதி முதலீட்டு கம்பெனிகளுக்கு கை மாறுச்சு. அந்த கம்பெனிகள் பலதும் புது லோன் தர்ற வேலையில இல்ல. வேற பேங்க்குக்கு போகலாம்னா 2014-ல வருமான விதிகள் இறுகிடுச்சு. வருஷக்கணக்கா தவறாம அதிக வட்டி கட்டிட்டு இருந்தவங்களை, கம்மி வட்டி கட்ட உனக்கு வசதி இல்லன்னு சொல்லி திருப்பி அனுப்பினாங்க.

என்கிட்ட வந்த ஒரு தம்பி கதையும் இதே தான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்பளமும் காட்டி எடுத்த லோன். வட்டி குறைஞ்சதும் ஆசையா ஓடி வந்தான். இடையில அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சு, ஒரு இஎம்ஐ கூட தவறல, எல்லாம் பக்காவா கட்டியிருக்கான். புது பேங்க் ஒத்த சம்பளத்தை வச்சு கணக்கு போட்டுட்டு முடியாதுன்னுட்டாங்க. "அண்ணே, இதை விட அதிகமா இப்ப கட்டிட்டு தானே இருக்கேன்?"னு என்கிட்ட கேக்குறான். என்ன பதில் சொல்றது. என் கேஸ்ல வருமானம் சரியா இருந்துச்சு, மதிப்பு போட வந்தவர் போட்ட நம்பர்ல தான் கதை முடிஞ்சுது, அந்த நம்பர் ஏன் அவ்ளோ கம்மின்னு பேங்க்ல இன்னி வரைக்கும் யாரும் ஒழுங்கா சொல்லல.

இவ்ளோ நடந்தும் 2022-ல அமெரிக்காவுல 30 வருஷ லோன் வட்டி இருபது வருஷத்துக்கு அப்புறம் 7 சதவீதத்தைத் தாண்டினப்ப, வீடு விக்கிற ஏஜெண்டுகள் ஒரு கோஷமே போட்டாங்க, வீட்டைக் கல்யாணம் பண்ணிக்கோ, வட்டியோட சும்மா பழகிப் பாரு, பிடிக்கலன்னா விட்டுடலாம்னு. விட்டுட்டு போறதுக்கு வட்டியும் சம்மதிக்கணும்ல!

சரி, என்ன தான் பண்றது? கையெழுத்து போடுற அன்னிக்கு இருக்குற வட்டியே கடைசி வரைக்கும் இருக்கும்னு வச்சு கட்ட முடியுமான்னு பாருங்க. ஆரம்ப சலுகை வட்டி இருக்குற லோன்னா சலுகை முடிஞ்சதும் வர்ற வட்டியை வச்சு பாருங்க, அதுக்கு மேல இன்னும் ரெண்டு சதவீதம் சேர்த்து பாருங்க. கனடாவுல 2018-லிருந்து பேங்க்கே இந்த சோதனையை வைக்கணும்னு விதி, உங்க வட்டியோட 2 சதவீதம் கூட்டி அதுக்கும் உங்களால கட்ட முடியுமான்னு பாத்துட்டு தான் கொடுப்பாங்க. உங்க ஊர்ல அப்படி விதி இல்லன்னா நீங்களே வைங்க, ஒரு கால்குலேட்டர் போதும். மாத்தியே ஆகணும்னு நினைக்கிறவங்க முன்பணத்தை அதிகமா போடுங்க, வீட்டு மதிப்புல 65, 70 சதவீதம் தான் லோன்னா விலை 10 சதவீதம் இறங்கினாலும் உங்களுக்கு கதவு திறந்தே தான் இருக்கும். மாத்துற செலவு, பழைய பேங்க்ல முன்கூட்டியே முடிக்கிறதுக்கான அபராதம், புது பேங்க் ஃபீஸ், எல்லாம் கூட்டி மாசம் மிச்சமாகுறதால வகுத்துப் பாருங்க, எத்தனை மாசத்துல போட்ட காசு திரும்புதுன்னு. அதுக்கு முன்னாடி வீட்டை விக்கிற யோசனை இருந்தா மாத்துறதே வீண்.

ஃப்ளோட்டிங்னா எதைப் பாத்து ஃப்ளோட் ஆகுதுன்னு கேக்காம விடுறது

பொருளாதாரம் படுத்தா சென்ட்ரல் பேங்க் வட்டியைக் குறைக்கும், அதனால ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்குற வட்டி லோன், எடுத்தா லாபம்னு ஒரு கணக்கு. பாதி சரி. சென்ட்ரல் பேங்க் குறைச்சா உங்க பேங்க் குறைக்கணும்னு உங்க ஒப்பந்தத்துல எழுதியிருக்கா? அயர்லாந்துல ரெண்டு விதமான ஃப்ளோட்டிங் இருந்துச்சு. டிராக்கர்ங்கிறது ஐரோப்பிய சென்ட்ரல் பேங்க் வட்டி கூட ஒரு நிலையான சதவீதம். இன்னொண்ணு பேங்க் தானே முடிவு பண்ற வட்டி. 2008-க்கு அப்புறம் சென்ட்ரல் பேங்க் வட்டி தரையைத் தொட்டப்ப டிராக்கர்காரங்களுக்கு கொண்டாட்டம், மத்தவங்களுக்கு பேங்க் மனசு வச்சா உண்டு. அந்த டிராக்கர் பேங்க்குகளுக்கு எவ்ளோ நஷ்டம்னா, ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை அதுல இருந்து தப்பா வெளியேத்தி, பிற்பாடு மாட்டிக்கிட்டு நஷ்ட ஈடு கொடுத்தாங்க. ஒப்பந்தத்துல எந்த வட்டியோட இணைஞ்சிருக்கு, அதுக்கு மேல எவ்ளோ, எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாறும், ஒரே தடவையில எவ்ளோ ஏறலாம், இந்த நாலையும் பேங்க்காரர் வாயால இல்ல, பேப்பர்ல காட்டச் சொல்லுங்க.

அடிமட்ட விலைக்காக காத்திருக்குறது

அடிமட்டம் எதுன்னு அது கடந்து போன அப்புறம் தான் தெரியும். ஹாங்காங்ல 1997-ல இறங்க ஆரம்பிச்சது 2003 வரைக்கும் இறங்குச்சு, 60 சதவீதத்துக்கு மேல. நடுவுல இதான் கடைசின்னு நினைச்சு வாங்கினவங்க நிறைய. பத்து வருஷம் இருக்கப் போற வீடு, இஎம்ஐ தாங்கும்னா வாங்குங்க, இல்லன்னா வாடகை.

பேரம் பேசி முடிச்ச விலைக்கு பேங்க் லோன் தரும்னு நம்புறது

20 சதவீதம் குறைச்சு வாங்கிட்டேன்னு மார்தட்டுறவங்க எதுல இருந்து 20 குறைச்சாங்கன்னு பாத்தா விளம்பரத்துல போட்ட விலையில இருந்து. அந்த விலையை யாரும் எப்பவும் கொடுத்திருக்க மாட்டாங்க. அதே ஏரியாவுல கடைசியா பதிவான விலை என்னன்னு பாருங்க. பேங்க்கும் அதைத் தான் பாக்கும், நீங்க ஒத்துக்கிட்ட விலை, அவங்க மதிப்பு, ரெண்டுல எது கம்மியோ அதுக்கு தான் லோன் கணக்கு. இறங்குற மார்க்கெட்ல மதிப்பு போடுறவர் கை இறுக்கமா தான் இருக்கும். வித்தியாசம் உங்க தலையில. அதனால அட்வான்ஸ் கொடுக்குற ஒப்பந்தத்துலயே, லோன் இவ்ளோ கிடைக்கலன்னா அட்வான்ஸ் திரும்ப வேணும்னு ஒரு வரி எழுதிடுங்க. விக்கிறவர் முறைப்பார், முறைக்கட்டும், விக்க முடியாம தவிக்கிறது அவர் தான்.

கட்டி முடிக்காத ஃப்ளாட்டுக்கு முழு லோன் எடுக்குறது

மார்க்கெட் படுத்தா முதல்ல காசு தீர்றது பில்டருக்கு. சீனாவுல எவர்கிராண்ட் மாதிரி பில்டர் கம்பெனிகள் தள்ளாடினப்ப பாதியில நின்ன கட்டடங்களுக்கு ஜனங்க இஎம்ஐ கட்டிட்டு இருந்தாங்க, 2022 ஜூலையில பொறுமை போய் பல ஊர்கள்ல இனி கட்ட மாட்டோம்னு எழுத்துல அறிவிச்சாங்க. வீடு முடியலன்னா பில்டரோட தான் சண்டை, பேங்க்குக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். பில்டர் ரெண்டு வருஷம் வட்டி கட்டுவார்ங்கிற ஆஃபரும் இதே ரகம் தான், லோன் உங்க பேர்ல, அவர் நிறுத்தினா உங்க கிரெடிட் ஸ்கோர் தான் அடி வாங்கும். எடுத்தே ஆகணும்னா கட்டுமானம் ஏறுற அளவுக்கு மட்டும் பேங்க் பணத்தை விடுற மாதிரி எடுங்க.

இஎம்ஐ கம்மியா தெரியணும்னு வருஷத்தை நீட்டுறது

8 சதவீதத்துல 20 வருஷத்துக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் மாசம் 836. 30 வருஷத்துக்கு நீட்டினா 734. மாசம் 102 மிச்சம்னு தோணும். மொத்த வட்டி லட்சத்துக்கு ஒரு லட்சம் போல இருந்தது 1.64 லட்சமா ஆகும். நீட்டுறது தப்புன்னு சொல்ல மாட்டேன், வேலை நிச்சயமில்லாத நேரத்துல கம்மி இஎம்ஐ ஒரு மூச்சு விடுற இடம் தான், ஆனா அபராதம் இல்லாம இடையில அசலைக் கட்டலாம்னு ஒப்பந்தத்துல இருந்தா மட்டும். நல்ல மாசத்துல கூட கட்டணும், அதை நிஜமாவே செய்யணும்.

சேமிப்பு பூராவையும் முன்பணத்துல கொட்டுறது

மேல முன்பணம் அதிகமா போடுங்கன்னு சொன்னது ஆறு மாச இஎம்ஐயைத் தனியா எடுத்து வச்சுட்டு மீதியில.

ஏலத்துக்கு வந்த வீடு

உள்ள யாராவது குடியிருக்காங்களான்னு பாக்காம, பாக்கி வரி, மெயிண்டனன்ஸ் யார் தலையில விழும்னு எழுத்துல வாங்காம கை தூக்காதீங்க.