மோன் பிளாங்க்குக்குக் குழுவாகப் போகிறீர்களா? சறுக்கல் வீட்டிலேயே தொடங்குகிறது

ஆல்ப்ஸ் பயணம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் கெட்டுப்போகிறது. பன்னிரண்டு பேர் "நானும் வர்றேன்" என்பார்கள். பணம் கட்டும் நாளில் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். அந்த ஐந்தில் காலில் கிராம்பான் (பூட்ஸின் அடியில் கட்டும் இரும்பு முட்கள்) மாட்டிப் பனியில் நடந்தவர் ஒருவர் இருந்தால் பெரிய விஷயம்.

ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரம் மோன் பிளாங்க், 4,800 மீட்டருக்குச் சற்று மேல். "நடந்தே ஏறிடலாமாம்" என்ற பேச்சு வேறு. அதனால் பலருடைய முதல் தேர்வு இதுதான், பிரெஞ்சுப் பக்கத்தில் கூத்தே (Goûter) என்ற ஏறுபாதையில். அங்கே முதலில் இடிப்பது ஆள் கணக்கு. இந்த மலைக்கு ஒரு கைடு இரண்டு பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டார். ஐந்து பேர் என்றால் மூன்று கைடு. மூன்றாவது கைடின் முழுக் கட்டணமும் ஒரே ஆளுக்காக. அதை யார் கொடுப்பது என்று மலையடிவார ஊரான ஷாமொனிக்குப் போய்ப் பேசினால் நட்பு தாங்காது. இரட்டைப்படையில் ஆள் சேர்ப்பதே நல்லது.

அடுத்தது, மலிவாகக் கிடைத்ததே என்று விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிடுவது. 2019 முதல் கூத்தே வழிக் குடில்களில் இரவு தங்க முன்பதிவு கட்டாயம், அதுவும் ஒவ்வொருவர் பெயரிலும். கூடாரம் அடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம், தடை உண்டு. ஜூலை, ஆகஸ்ட் படுக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். குடிலும் கைடும் உறுதியான பிறகு டிக்கெட் எடுங்கள். பிரான்ஸ், இத்தாலி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதைக் காட்டி விசா வாங்கிவிட்டால் காப்பீட்டு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலையேற்றத்துக்கு விலக்கு உண்டு. கயிறும் பனிக்கோடரியும் வந்தாலே கைகழுவிவிடும். அந்தப் பொடி எழுத்தை ஒருவராவது படியுங்கள். பிரான்ஸ் மலைகளில் அரசு மீட்புப் படைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தில் மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டருக்கு பில் வரும். ஆஸ்பத்திரிச் செலவோ எந்தப் பக்கம் என்றாலும் நம்முடையதுதான்.

லீவு இல்லை என்று நான்கு நாளில் முடிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கூத்தே வழியில் முதலில் வரும் தெத் ரூஸ் குடில் 3,167 மீட்டரில் இருக்கிறது, நம் தொட்டபெட்டா உச்சியைவிட 500 மீட்டருக்கு மேல் உயரம். கூத்தே குடில் 3,835. பொதுவாக 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 300 முதல் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பார்கள். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்கினாலும் இதில் சலுகை இல்லை. இத்தாலிப் பக்கம் 4,061 மீட்டர் கிரான் பாரடீசோவை முதலில் ஏறி உடம்பைப் பழக்குவது வழக்கம். அதோடு வானிலைக்கென்று இரண்டு நாள் உபரி வையுங்கள்.

தெத் ரூஸுக்கு மேலே கிராண்ட் குலுவார் என்று ஓர் ஓடை போன்ற பள்ளம். பயமே அங்கேதான். இரவுக் குளிரில் பனி பிடித்து வைத்திருக்கும் கற்கள் வெயில் ஏறியதும் கழன்று உருளும். முதலில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும், எல்லோரும் மேலே பார்ப்பார்கள், அப்புறம் கல். ஒவ்வொருவராகத்தான் வேகமாகக் கடக்க வேண்டும். எட்டுப் பேர் குழு என்றால் எட்டாவது ஆள் கடக்கும் வரை மற்றவர்களும் அந்தப் பகுதியிலேயே நிற்க வேண்டியிருக்கும். உச்சியிலிருந்து இறங்கும்போதும் இதே இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதை மறந்து, மேலே போட்டோவுக்கு நேரம் கொடுத்துவிடுகிறார்கள். 2022 கோடையில் கல்வீழ்ச்சி அதிகமாகி, குடில்களையே மூடிவிட்டார்கள். அப்படி ஆனால் வேறு எந்தச் சிகரம் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள்.

கைடு தன்னோடு இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிக் கூட்டிப்போவார். என் கணக்கில் மிகப் பெரிய தவறு, அந்தக் கயிற்று ஜோடியைப் பாசம் பார்த்து அமைப்பது. கணவன் மனைவி ஒரு கயிறு, கல்லூரி நண்பர்கள் ஒரு கயிறு என்று போடுவார்கள். விடியற்காலை ஐந்து மணி, 4,362 மீட்டரில் வாலோ அவசரக் குடில் அருகே ஒருவருக்கு வாந்தி வருகிறது. கைடு அவரைத் தனியே விட முடியாது, மற்றவரையும் நடுவழியில் நிறுத்த முடியாது. மூன்று பேரும் இறங்க வேண்டியதுதான். நன்றாக இருந்தவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஊர் வந்து சேரும்வரை வருத்தம் முகத்தில் இருக்கும். கிரான் பாரடீசோவில் யாருக்கு யார் நடை ஒத்துப்போகிறது என்று பார்த்து, வேகம் பார்த்து ஜோடி சேருங்கள். "நீ நின்றால் நானும் இறங்குவேன், கேள்வி இல்லை" என்று இருவரும் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. பூட்ஸைப் புதிதாக வாங்கி அங்கேயே முதல் தடவை போடாதீர்கள். கிராம்பான், பனிக்கோடரி ஷாமொனியில் வாடகைக்குக் கிடைக்கும். கூத்தே குடிலில் குழாய்த் தண்ணீர் கிடையாது, பாட்டில் வாங்க வேண்டும், விலை கண்ணைக் கட்டும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். காலைச் சாப்பாடு நடுராத்திரி இரண்டு மணி வாக்கில். அந்த நேரத்தில் ரொட்டி இறங்காதவர்கள் கடலை மிட்டாய் கொண்டுபோகலாம்.