ஏர் பெல்லோ மாற்றுகிறீர்களா? புதுசைக் கெடுக்கும் தவறுகள் இவை

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய வண்டியை ராத்திரி நேராக நிறுத்தியிருப்பீர்கள். காலையில் பார்த்தால் ஒரு மூலை மட்டும் படுத்துக் கிடக்கும். பெல்லோ (சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ரப்பர் காற்றுப் பை) போய்விட்டது என்று உடனே புதுசு வாங்கி மாட்டுவோம். சில வாரங்களில் அதுவும் கிழிந்தால் சரக்கு சரியில்லை என்போம். அப்படிக் கிழிந்த பல பெல்லோக்களில் குறை சரக்கில் இல்லை. மாட்டிய முதல் பத்து நிமிடத்திலேயே அவை காயப்பட்டிருக்கும்.

கசிவு எங்கே என்று தெரியாமல் பொருள் வாங்குவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பெல்லோ, அதற்குப் போகும் டியூப், அதன் வால்வு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்ந்து இறங்கியிருந்தால் எல்லாப் பெல்லோக்களுக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வு பிளாக்கை முதலில் சந்தேகப்படுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வண்டியை அணைத்த பிறகும் சஸ்பென்ஷனை இயக்கும் சில கன்ட்ரோல் யூனிட்டுகள் அவ்வப்போது விழித்துக்கொள்ளும். ரேஞ்ச் ரோவர் பி38-இல் அது சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, தாழ்ந்திருக்கும் மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் நான்கும் படுத்திருக்கும். எது கசிகிறது என்றே தெரியாது. அளக்கும் முன் சஸ்பென்ஷனுக்கான ஃபியூஸையோ ரிலேவையோ கழற்றி வைத்தால்தான் அளவு உண்மையைச் சொல்லும்.

அடுத்தது சோப்பு நீர் சோதனை. பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பெல்லோ முழுக்கத் தெளிக்க வேண்டும். சாதாரண உயரத்தில் மட்டும் தெளித்துவிட்டு 'கசிவில்லை' என்று முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு. பெல்லோவின் ரப்பர், காலுறையை உருட்டிக் கழற்றும்போது மடிவதைப் போல, கீழே உள்ள பிஸ்டன் (பெல்லோ உட்காரும் உருளை) மீது மடிந்து உருளும். வெடிப்பு வருவது அந்த மடிப்பில்தான். சாதாரண உயரத்தில் அது மடிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். வண்டியை அதிகபட்ச உயரத்துக்கு ஏற்றி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு தாழ்ந்த உயரத்திலும் ஒருமுறை தெளியுங்கள். சில வெடிப்புகள் அந்த நிலையில்தான் வாய் திறக்கும். ரப்பருக்குள் இருக்கும் நூல் இழை வெளியே தெரிந்தால் அந்த வண்டியை இனி ஓட்டக் கூடாது.

சிஸ்டத்தை அணைக்காமல் ஜாக்கி போடுவது

ஜாக்கி வைத்து பாடியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். 'வண்டி அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டது' என்று ஹைட் சென்சார் சொல்லும். கன்ட்ரோல் யூனிட் அதை நம்பிக் காற்றை வெளியே விடும். பெல்லோ காலியாகும். பிறகு வண்டியை இறக்கும்போது காலிப் பெல்லோ நசுங்கும். பஞ்சர் டயர் மாற்றும்போதுகூட இது நடக்கலாம். அதனால்தான் பல வண்டிகளில் சஸ்பென்ஷனைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஜாக் மோட் கொடுத்திருக்கிறார்கள். லிங்கன் டவுன் கார் போன்றவற்றில் டிக்கிக்குள் தனி சுவிட்சே உண்டு. முதலில் ஜாக் மோடைப் போடுங்கள், அல்லது அந்தச் சுவிட்சை அணையுங்கள், பிறகு ஜாக்கியைத் தொடுங்கள்.

காற்றை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. ஒரு டியூப் பிடுங்கிக்கொண்டால் பாடி, பம்ப் ஸ்டாப் (அடியில் இடியைத் தாங்கும் ரப்பர் கட்டை) வரை ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

காற்றை இறக்குவதிலும் அவசரம் ஆகாது. சில வண்டிகளின் காற்று டேங்கில் 10 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபிட்டிங்கைச் சற்றே தளர்த்தி, சீறல் முழுதாக நின்ற பிறகே கழற்றுங்கள். டவுன் காரின் பின்பக்க சோலினாய்டு (பெல்லோவில் மாட்டியிருக்கும் மின் வால்வு) படிப்படியாகத் திரும்பும் வகை: முதல் நிலையில் காற்று வெளியேறும், அதற்கடுத்த நிலையில்தான் கையோடு வரும். ஒரே திருப்பாகத் திருப்பினால் துப்பாக்கிக் குண்டு போல முகத்துக்குப் பாயலாம்.

டியூபைப் பழைய முனையோடு செருகுவது

மெல்லிய நைலான் டியூபில், பழைய ஃபிட்டிங் கடித்த வளையத் தடம் இருக்கும். அதன் மேலேயே புது ஓ-ரிங் உட்கார்ந்தால் கசியும். தடத்தைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் வெட்டி எடுங்கள். கட்டிங் பிளையரால் வெட்டினால் முனை முட்டை வடிவத்தில் நசுங்கும். கூர்மையான பிளேடால் நேர்செங்குத்தாக வெட்ட வேண்டும். உள்ளே எவ்வளவு போக வேண்டுமோ அந்த ஆழத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, குறி மறையும்வரை தள்ளுங்கள். பாதி வழியில் நின்ற டியூப் அன்றைக்குத் தாங்கும், பிறகு ஒருநாள் பிடுங்கும்.

ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், துணியால் துடைத்தாலே போதும். ஓ-ரிங்கிற்குச் சிலிகான் கிரீஸ் மெல்லியதாக. சாதாரண கிரீஸும் இன்ஜின் ஆயிலும் சில வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கலாம். பித்தளை ஃபிட்டிங்கின் மரை சிறியது. கையால் திருகிவிட்டு, கையேடு சொல்லும் டார்க்கோடு நிறுத்துங்கள்.

காலிப் பெல்லோ மேல் வண்டியை இறக்குவது

புது பெல்லோக்களை அதிகம் கொல்வது இதுதான். காற்று இல்லாத ரப்பர் தன் இஷ்டத்துக்கு உள்பக்கம் மடியும். மேல் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மாட்டி, அந்த மூலையின் எடை முழுதும் அதன் மேல் விழும். வெளியே கீறல் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே நூல் இழை அறுந்திருக்கும். சில வாரம் கழித்து அதே இடத்தில் புடைத்து வெடிக்கும்.

சரியான வரிசை இது. பாடி ஸ்டாண்டில் நிற்கட்டும். பெல்லோவின் மேல், கீழ் இரண்டு பக்கமும் பின்னோ போல்ட்டோ முழுதாகப் பூட்டியாக வேண்டும். பிறகு வேறொரு ஜாக்கியால் அச்சையோ கீழ் ஆர்மையோ, வண்டி வழக்கமாக நிற்கும் உயரம் வரும்வரை தூக்குங்கள். இந்த நிலையில் கொஞ்சம் காற்று மட்டும் ஏற்றுங்கள். இப்போது கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பாருங்கள்: மடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக உருண்டிருக்க வேண்டும், எங்கும் சுருக்கமோ உள்வாங்கலோ கூடாது. ரப்பர் மேல் நீளவாக்கில் வார்ப்புக் கோடு இருந்தால் அது நேராக ஓட வேண்டும். சாய்ந்திருந்தால் பெல்லோ முறுக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றித் திருத்துங்கள். எல்லாம் சரி என்றான பிறகுதான் காற்றை ஏற்றிக்கொண்டே ஸ்டாண்டிலிருந்து மெதுவாக இறக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஷாக் அப்சார்பரைக் கழற்றி அச்சு அளவுக்கு மீறித் தொங்கும் நிலையில் முழு அழுத்தம் கொடுத்தால் பெல்லோ பிஸ்டனை விட்டே கழன்றுவிடும். அதைவிட மோசம், 'கசிகிறதா பார்க்கலாம்' என்று மேஜை மேல் வைத்துக் காற்றடிப்பது. மேலும் கீழும் பூட்டாத பெல்லோ வெடித்துச் சிதறும், ஆளைக் காயப்படுத்தும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கம்ப்ரஸரை மறந்துவிடுவது

கசியும் பெல்லோவை மாதக்கணக்கில் தாங்கியது காற்றடிக்கும் கம்ப்ரஸர்தான். அதன் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரில் உள்ள சிலிகா மணிகள் ஈரம் குடித்து ஓய்ந்திருக்கும். மணிகள் பொடியாகிவிட்டால் அந்தத் தூள் வால்வு பிளாக்குக்குள் போய் வால்வுகளைச் சரியாக மூடவிடாது. பெல்லோ புதிதாக இருந்தாலும் வண்டி இறங்கும். டிரையரைப் பெல்லோவோடு சேர்த்தே மாற்றுங்கள். கம்ப்ரஸரை மாற்றினால் ரிலேயையும் மாற்ற வேண்டும். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் புது கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் சிக்கனமாகத் தோன்றும். அதே வயது ரப்பர் மறுபக்கமும் இருக்கிறது. ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுங்கள்.

கடைசிக் கட்டம்

ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டில் உள்ள ரப்பர்) போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டி வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகு இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து கிழியும். ஹைட் சென்சாரின் லிங்க்கைக் கழற்றியிருந்தால் உயரத்தைக் காலிபரேட் செய்து, பிழைக் குறியீடுகளை அழித்து, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

எல்லா இணைப்பிலும் மறுபடி சோப்பு நீர். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, ஓர் இரவு நிறுத்தி அளவெடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, பின்கள் இடத்தில் இருக்கின்றனவா, டியூப் சைலென்ஸர் பைப்பிலோ டயரிலோ உரசுகிறதா என்று அடியில் பார்க்க வேண்டும்.