மரணசாதனமா, நன்கொடை உறுதியா: நொத்தாரிசிடம் போகுமுன் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஆயத்தம் செய்ய வேண்டியவை

சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க நினைத்து, உறுதிகளை எழுதிச் சான்றுப்படுத்தும் நொத்தாரிசின் கந்தோருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது செலவு எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்பே, வீட்டில் இருந்தபடி, ஒவ்வொரு காணியையும் பற்றித் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எனக்கு எந்த வழியால் வந்தது? யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கான விடையை அறியாமல் எழுதப்படும் உறுதி (சொத்துப் பத்திரம்), எவ்வளவு அழகான எழுத்தில் இருந்தாலும், பிற்காலத்தில் வழக்குக்கு இடம் கொடுக்கக்கூடும்.

அதற்குக் காரணம் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக (ஆட்சி அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்தளித்த இந்த வழக்காற்றுச் சட்டத்துக்கு, பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் முழு வலுவளித்தனர். இன்று வாழ்க்கைத் துணைவரின் சொத்துரிமையையும் வழியுரிமையையும் முக்கியமாக நிர்ணயிப்பது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் செய்யப்பட்ட திருத்தமும் ஆகும்.

எனவே ஒரு தாளை எடுத்து, காணிகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதன் வகையைக் குறியுங்கள். பெற்றோர் வழியாக அல்லது பாட்டன் பாட்டி வழியாக இறங்கியது முதுசம். பிற உறவினரின் மரணத்தால் வந்தது உரிமை. பெண்ணுக்குத் திருமணத்தின்போது எழுதிக் கொடுக்கப்பட்டது சீதனம். திருமணம் நிலைத்திருந்த காலத்தில் கணவனோ மனைவியோ பெறுமதி கொடுத்து வாங்கியது, அது தமது தனிச்சொத்தை மாற்றி வாங்கியதாக இல்லாதவிடத்து, தேடியதேட்டம். கடைசியாகச் சொன்ன விலக்கே சிக்கலானது. மனைவியின் சீதனக் காணியை விற்ற காசில் கொக்குவிலில் வீடு வாங்கியிருந்தால், அது தேடியதேட்டமா சீதனத்தின் மறுவடிவமா என்பதை, அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று காட்டும் பழைய விற்பனை உறுதியே தீர்மானிக்க உதவும். ஆகவே விற்றுத் தீர்ந்த காணிகளின் உறுதிப் பிரதிகளையும் எறிந்துவிடாதீர்கள்.

ஒன்றும் எழுதாமல் இறந்தால் என்ன நடக்கும் என்பதை அறிந்தால் இந்த வகைப்பிரிப்பின் அருமை விளங்கும். மரணசாதனத்தாலோ (உயிலாலோ) வேறு வகையாலோ கைமாற்றப்படாத, இறந்தவருக்குரிய தேடியதேட்டத்தில் அரைவாசி உயிரோடிருக்கும் துணைக்கும், மற்ற அரைவாசி இறந்தவரின் வாரிசுகளுக்கும் போகும். முதுசத்தில் அப்படியில்லை, பிள்ளைகள் இருக்கும்போது அது அவர்களுக்கே இறங்கும், துணைக்குப் பங்கில்லை. நாற்பது வருடம் கணவரின் முதுச வீட்டில் வாழ்ந்த ஒரு தாய், அவர் கண்மூடிய மறுநாள் சட்டப்படி பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறவராகிவிடுகிறார். பிள்ளையற்ற குடும்பங்களில் நிலைமை இன்னும் கடினம்: முதுசம் அது வந்த பக்கத்து உறவுக்கே திரும்பும் போக்குடையது. துணையைப் பாதுகாக்க விரும்புகிறவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். இடப்பெயர்வுகளில், குறிப்பாக 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, பல வீடுகளில் உறுதிகள் தொலைந்தன. உறுதி தொலைந்தால் உரித்துத் தொலைவதில்லை. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மூலப்பிரதி உரியவரிடமும், இன்னொரு பிரதி நொத்தாரிசிடமும், இரண்டாம் படி காணிப் பதிவகத்திலும் இருக்கும். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் இவற்றில் எது நினைவிலிருந்தாலும் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தேடலாம். கைவசமுள்ள உறுதியையும் அங்குள்ள பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காணியைப் பத்து வருடம் வேறொருவர் எதிரிடையாக ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொது விதி; ஆயினும் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையைக் கேட்க முடியாதிருந்தவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பேற்பாடு செய்தது. காணியை விட்டுப்போன காலத்தில் வேறொருவர் குடியேறியிருந்தால், மரணசாதனம் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பிணக்கைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

இனி முக்கியமான தெரிவு. நன்கொடை உறுதி இப்போதே உரித்தைக் கைமாற்றுகிறது. மரணசாதனம் இறந்த பின்பே பேசத் தொடங்குகிறது. எங்கள் ஊரில் பெற்றோர் நன்கொடையை விரும்புவதற்குக் காரணம், பின்னர் பிள்ளைகள் நீதிமன்றம் ஏறத் தேவையில்லை என்பதே. அது நியாயமான காரணம். ஆனால் கொடுத்த நன்கொடையைத் திரும்பப் பெறுவது இலகுவன்று. மீளப்பெற முடியாதென்று எழுதிய நன்கொடையைப் பாரிய நன்றிகேட்டைக் காரணங்காட்டி இரத்துச் செய்ய வேண்டுமானால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். வயோதிப காலத்தில் தன் பிள்ளைக்கு எதிராக வழக்காடக்கூடியவர் எத்தனை பேர்? ஆகவே நன்கொடைதான் வேண்டுமென்றால் கணவன், மனைவி இருவரின் சீவிய உருத்தையும் (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையையும்) ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள். ஒருவருடையதை மட்டும் ஒதுக்கினால், அவர் முதலில் போனதும் மற்றவர் வெறுங்கையோடு நிற்பார். மேலும், நன்கொடை பெறுகிறவர் அதை ஏற்றுக்கொண்டதாக உறுதியில் காட்டப்பட வேண்டும். ஏற்பு இல்லாத நன்கொடை நிலைக்காது. பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் அவர் சார்பில் யார், எந்த அதிகாரத்துடன் ஏற்பார் என்பதை நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

மனம் மாறக்கூடியவர்களுக்கும், பிள்ளைகளின் நிலை இன்னும் தெளியாதவர்களுக்கும் மரணசாதனமே பொருத்தம் என்பது என் எண்ணம். அதை எப்போதும் மாற்றலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருந்து, நொத்தாரிசும் ஒரே நேரத்தில் சமுகமாயிருக்கும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐந்து சாட்சி முறையை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொத்துப் பெறுகிறவரையோ அவரது கணவன் மனைவியையோ சாட்சியாக வைத்தால் அவருக்கு எழுதியது செல்லாமற்போகும். மரணசாதனம் எழுதியவர் பின்னர் திருமணம் செய்தால் அது தானாகவே இரத்தாகும். இரண்டாம் திருமணம் செய்கிறவர்கள் இதை மறப்பதுண்டு. வயது முதிர்ந்தவராயின், அன்றைய திகதியில் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று ஒரு மருத்துவரின் கடிதத்தை வைத்திருப்பது பிற்காலத்து வாதங்களைக் குறைக்கும்.

மணமான பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமது சீதனமாயினும் முதுசமாயினும், அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. மரணசாதனத்தால் கொடுக்க அது தேவையில்லை. கணவர் விட்டுப் போனவராகவோ நியாயமின்றி மறுப்பவராகவோ இருந்தால், சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம். இவ்விதி இன்றைய காலத்துக்குப் பொருந்தாது என்பார் பலர், நானும் அவர்களில் ஒருவன். ஆனாலும் உறுதி எழுதும்போது சட்டம் இருக்கிறபடியே எழுத வேண்டும்.

பங்கிடும்போது பரப்பை மட்டும் பார்க்காதீர்கள். எங்கள் பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தனியே எழுதப்பட்டிருக்கும். எட்டுப் பரப்புக் (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) காணியை இரண்டாக்கி, கிணறு ஒரு பக்கம் விழுந்து, மற்றவருக்கு நீருக்கும் பாதைக்கும் உரித்து எழுதாமல் விட்டால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அதோடு நின்றுவிடும். நில அளவையாளரைக் கொண்டு படம் கீறி, அந்தத் துண்டுகளின்படி எழுதுவது செலவுதான், வழக்குச் செலவோடு பார்த்தால் சிறிது. பிரிக்காமல் பொதுவில் விட்டால், ஒரு பங்காளர் வெளியாருக்கு விற்க முற்படும்போது மற்றப் பங்காளருக்கு 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் வாங்கும் உரிமை இருக்கும்.

பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் அவர்களின் குடியுரிமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கும் வழியுரிமையாக வருவதற்கும் விலக்குகள் உண்டு, உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி பார்த்துச் சொல்ல வேண்டும். அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்தவர் இறந்ததும் அத்தத்துவமும் முடிந்துவிடும். அதன் பிறகு அதை வைத்து எழுதும் உறுதி செல்லாது. மரணசாதனத்துக்கு அது மாற்றாகாது.

வன்னியில் அரச அனுமதிப்பத்திரக் காணி இருந்தால் அதை மரணசாதனத்தில் எழுதிப் பயனில்லை. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றில் பெயர் குறித்து நியமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மரணவரி 1985இலேயே நீக்கப்பட்டது. அதற்குப் பயந்து அவசரமாக நன்கொடை எழுதத் தேவையில்லை.

சட்டத்தரணியைத் தெரிவு செய்யும்போது, மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குகள் நடத்திய அனுபவம் உண்டா, நொத்தாரிசாகவும் கடமையாற்றுகிறாரா என்று கேளுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், எழுத்துக்கூலி மூன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே ஆளே ஆலோசகர் என்ற வழக்கம் இங்கு உண்டு. குடும்பத்தில் மனத்தாங்கல் இருக்குமானால் பெற்றோர் தமக்கென ஒருவரிடம் தனியே பேசுவது நல்லது.

இறுதியாக, மரணசாதனத்தில் எழுதியபடி காரியங்களை நடத்தும் நிறைவேற்றுநராக உள்ளூரில் இருக்கும், உங்களை விட இளைய ஒருவரை நியமித்து, அவருக்கு ஏதும் நேர்ந்தால் யார் என்பதையும் எழுதுங்கள். நொத்தாரிசின் பெயரையும், மரணசாதனத்தின் இலக்கத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி நிறைவேற்றுநரிடம் கொடுங்கள். மூலப்பிரதியை அலுமாரியின் பூட்டிய அறையில் வைத்துவிட்டுத் திறப்பு எங்கே என்று யாருக்கும் சொல்லாமல் விடாதீர்கள், ஏனெனில் உங்களுக்குப் பின் அதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியவர் அவர்தான்.